ஆர்மோனியத்தோடு வந்த ஐயாவுக்கு

தலவாக்கலைப் பக்கம் எங்கள் தோட்டத்துக் கோயில் திருவிழாவில், நான் புல்லாங்குழலில் மோகன ராக ஆலாபனையை ஆரம்பித்த நேரம் பார்த்துக் கரண்ட் போய், பின்னணியில் ஆதார சுரம் ஒலித்துக்கொண்டிருந்த சுருதிப்பெட்டியும் நின்றுவிட்டது. உடனே பஜனை ஆர்மோனியத்தைத் தூக்கிக்கொண்டு வந்து சுருதிக்கு ஸட்ஜமும் பஞ்சமமும் (ஸ, ப) பிடித்தீர்களே ஐயா, பெயரைக்கூடச் சொல்லாமல் போய்விட்டீர்கள். குளிரில் புல்லாங்குழலின் சுருதி இறங்கும், ஆர்மோனியம் அதற்காக இறங்கி வராது. அது தெரிந்துதான் "தம்பி, குழலைக் கொஞ்சம் கோட்டுக்குள்ள வச்சு சூடாக்குங்க" என்றீர்கள், நல்லவேளை. அப்புறம் மத்யமமும் நிஷாதமும் (ம, நி) இல்லாத மோகனத்தின் அந்த ஐந்து சுரங்களுக்குள், மனதில் வந்ததையெல்லாம் நான் எங்கே இழுத்துக்கொண்டு போனாலும், உங்கள் கை துருத்தியை விடவே இல்லை. ரொம்ப நன்றி ஐயா. உங்கள் மஃப்ளர் மேடையில் கிடந்தது, கோயில் பூசாரியிடம் கொடுத்திருக்கிறேன், வாங்கிக்கொள்ளுங்கள்.