கூடாரத்தில் ஒரு நாற்காலி

ஆசிரியருக்கு,

யூதர்களின் சுக்கோத் எனும் கூடாரப் பண்டிகை பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை வாசித்தேன். அதைப் பழங்கால அறுவடைச் சடங்கு என்று மட்டும் சொல்லி முடித்தது எனக்குக் குறையாகப் பட்டது. எகிப்திலிருந்து வெளியேறிய முன்னோர் கூடாரங்களில் தங்கியதை நினைவுகூர்ந்து ஏழு நாள் கூடாரத்தில் குடியிருக்கச் சொல்கிறது யூத வேதத்தின் ஒரு நூலான லேவியராகமத்தின் 23-ஆம் அதிகாரம். வெட்டிய கிளை, ஓலை போன்றவற்றால்தான் கூரையை வேய வேண்டும். இரவில் அதன் இடுக்கில் நட்சத்திரம் தெரிய வேண்டும் என்பது மரபு. சொந்த வீடு இருப்பவரும் வீடற்றவரின் நிலையை உடம்பால் உணர்வதற்கான ஏற்பாடு இது. அகதிகள் பெருகிவிட்ட இந்தக் காலத்துக்கு மிகவும் வேண்டிய பண்டிகை.

ஜெருசலேமில் ஒரு மூதாட்டியைப் பராமரிக்கும் வேலையில் மூன்று ஆண்டுகள் இருந்தேன். சுக்கோத்துக்காக அவருடைய பேரன்கள் பால்கனியில் பேரீச்சை ஓலை வேய்ந்திருந்தார்கள். முதல் இரவு நான் என் தட்டோடு சமையலறைக்குத் திரும்பியபோது, பாட்டி பக்கத்து நாற்காலியைத் தட்டிக் காட்டினார். "வேலைக்காரியும் பரதேசியும் (வேற்று நாட்டவரும்) சேர்ந்துதான் மகிழ வேண்டும் என்று வேதத்தில் இருக்கிறது, உட்காரு" என்றார். ஊருக்கு வந்த அப்புறம் தேடிப் பார்த்தேன். அதே வேதத்தின் இன்னொரு நூலான உபாகமம் 16:14, இதே பண்டிகையைப் பற்றிய வசனம்தான். பிற சமயப் பண்டிகைகளை எழுதும்போது மூல வசனத்தோடு, இன்று அதைக் கொண்டாடும் ஒருவரின் பேச்சையும் சேர்த்து வெளியிட வேண்டுகிறேன்.

– ஒரு வாசகி, நாகர்கோவில்