மரவாள் போதும்

அன்புள்ள மகளுக்கு,

பெய்ஜிங்கின் தியான்தான் பூங்காவில் பழைய சைப்ரஸ் மரங்களுக்கு அடியில் காலையில் வாளோடு நிற்கும் முதியவர்களைப் படம் எடுத்து அனுப்பிவிட்டு, "அம்மா, நானும் ஒரு நல்ல எஃகு வாள் வாங்கட்டுமா?" என்று கேட்டிருந்தாய். வாங்காதே. வாள் கற்க வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்தக் கேள்வியை இரண்டு வருடம் கழித்துக் கேள் என்றுதான் சொல்கிறேன்.

நீ போய்ச் சேர்ந்திருக்கும் ஊர் சீனத் தற்காப்புக் கலைக்குச் சாதாரண ஊர் அல்ல. ஹெனான் மாநிலத்துச் சென் கிராமத்தில் தைச்சி என்னும் தற்காப்புக் கலையைக் கற்ற யாங் லூசான், 19-ஆம் நூற்றாண்டில் பெய்ஜிங்கிற்கு வந்து கற்றுக்கொடுத்த பிறகுதான் அது அந்தக் கிராமத்தைத் தாண்டிப் பேர் பெற்றது. வட்டமாக நடந்தபடியே பயிலும் பாகுவா என்னும் கலையை தோங் ஹாய்சுவான் பரப்பியதும் அதே நகரத்தில்தான். அவருடைய சீடர்களில் ஒருவரான செங் திங்ஹுவா மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் என்பதால் அவரைக் 'கண்ணாடி செங்' என்றே அழைத்தார்களாம்; காலையில் பயின்றுவிட்டுக் கடையைத் திறக்கப் போகும் மனிதராக அவரை நினைத்துப் பார்ப்பது எனக்குப் பிடிக்கும். அவரிடம் பாகுவாவும் வேறு ஆசான்களிடம் நேர்க்குத்துகளைக் கொண்ட ஷிங்யீ என்னும் கலையும் தைச்சியும் கற்ற சுன் லூதாங் (1860–1933), மூன்றுக்கும் அடிப்படை ஒன்றே என்று எழுதினார். மூன்றையும் சேர்த்து 'உள்முறை' என்று இன்று நாம் சொல்வதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

அந்த அடிப்படை என்ன என்று கேட்டால், கையால் தள்ளாமல் காலால் தள்ளக் கற்பது என்பேன். பாதம் தரையை மிதிப்பதில் பிறக்கும் விசை, இடுப்பு திரும்புவதில் திசை பெற்று, தோளில் தங்காமல் விரலுக்கு வந்து சேர வேண்டும். இதற்காகத்தான் என் ஆசிரியர் முதல் ஆறு மாதம் எதையும் ஆடவிடாமல், முழங்காலைச் சற்றே மடக்கி, பெரிய குடம் ஒன்றை மார்போடு அணைத்தாற்போல் கைகளை வளைத்து, அசையாமல் நிற்கச் சொன்னார். அவரிடம் வருவதற்கு முன் நான் சேர்ந்திருந்த வேறொரு வகுப்பில் எடுத்த எடுப்பிலேயே தாழ உட்காரச் சொன்னார்கள். முழங்கால் பாதத்தின் திசையை விட்டு உள்ளே சாய்ந்ததை யாரும் கவனிக்கவில்லை, எட்டு மாதம் மாடிப்படி ஏற முடியாமல் கிடந்தேன். உனக்கு அப்போது பதினொரு வயது, நினைவிருக்கும்.

வெறுங்கையில் எத்தனையோ பிழைகளை மறைத்துவிடலாம், ஆயுதத்தில் முடியாது. இருபுறமும் கூருள்ள நேர்வாளை ஜியென் என்பார்கள். பெரும்பாலும் ஒரு கிலோகூட இருக்காது, ஆனால் அதை முன்னால் நீட்டும்போது தோளில் சிறிது இறுக்கம் இருந்தாலும் நுனி நடுங்கி ஊருக்கே காட்டிக்கொடுத்துவிடும். இடது கையும் சும்மா இருக்காது: சுட்டுவிரலும் நடுவிரலும் நீண்டிருக்க, மற்ற இரண்டையும் கட்டைவிரல் அழுத்திப் பிடிக்க, அந்தக் கை வாளுக்கு எதிர்நிறையாகச் செல்லும். பிடியின் முனையில் தொங்கும் குஞ்சம் முதல் வருடம் முழுவதும் என் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டே இருந்தது. எரிச்சலில் அதை அவிழ்க்கப் போனபோது ஆசிரியர் தடுத்து, உன் இடுப்புக்கு முன்னால் கை ஓடிப்போகும் ஒவ்வொரு முறையும் அது கட்டிப்போடுகிறது, விட்டுவை என்றார். கை இடுப்புக்காகக் காத்திருக்கப் பழகிய பிறகு அது சுற்றவேயில்லை.

ஈட்டியின் கதை வேறு. ஷிங்யீயின் நேர்க்குத்துகள் ஈட்டிப் பயிற்சியிலிருந்து பிறந்தவை என்பது அந்த மரபின் நம்பிக்கை. அந்தக் கலையைப் பழைய சீனத் தளபதி யுவே ஃபெய் உருவாக்கினார் என்பதை நான் கதையாகவே கொள்கிறேன், ஆனால் ஈட்டியைப் பிடித்துப் பார்த்தவருக்கு முதல் பகுதி சந்தேகமில்லாமல் விளங்கும். எதிர்க்கோலை வெளியே விலக்கு, உள்ளே அமுக்கு, குத்து. இந்த மூன்றுதான் பாடம். நுனி போடும் வட்டம் ஒரு சோற்றுத்தட்டின் அளவைத் தாண்டக்கூடாது, அந்த வட்டமும் கையிலிருந்தல்ல, இடுப்பிலிருந்தே பிறக்க வேண்டும். வளையும் வெள்ளைமெழுகு மரக்கோல் எனக்குக் கிடைக்காத நாளில் நம் வீட்டுத் துணி உலர்த்தும் மூங்கிலை எடுத்துக்கொண்டு புளோக்கின் கீழே போனேன், உன் அப்பா சன்னலிலிருந்து, "துணியை எங்கே போட்டாய்?" என்று கத்தியதை இன்றும் என் தோழிகள் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

ஆகவே முதலில் நிற்கச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியரைத் தேடு. முதல் வாரமே மான்கொம்புக் கத்திகள் எனப்படும் பிறை வடிவக் கத்திகளைக் கையில் கொடுத்துப் படம் எடுக்கச் சொல்பவரிடம் போகாதே. பாகுவாவில் அவை அழகான ஆயுதங்கள்தான், ஆனால் உன் முகத்துக்கு மிக அருகில் சுழல்பவை.

அடுத்த மாதம் அப்பா உன்னைப் பார்க்க வரும்போது என் பழைய மரவாளைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவருவார். பிடியில் சுற்றிய பருத்தி நாடா என் வியர்வையில் கறுத்துக் கிடக்கிறது, அதைப் பிரித்துவிட்டுப் புதிதாகச் சுற்றிக்கொள். குஞ்சத்தை மட்டும் கழற்றாதே.

அன்புடன்,
அம்மா