லேசான காயம்தான்

கருங்கல்
9 பிப்ரவரி 2025, ஞாயிறு

மக்களே,

காலைப் பூசை முடிந்து வந்து, மரச்சீனிக் கிழங்கை அடுப்பில் ஏற்றிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். தபாலில் போட்டால் இது உன் கைக்கு வராது. காங்கோவில் நீ இருக்கும் கோமா ஊரின் விமான நிலையம் மூடிக் கிடக்கிறது என்று செய்தியில் சொன்னார்கள். எழுதி முடித்ததும் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடுகிறேன். நெட் வரும்போது எடுத்துப் படி. டூட்டியில் படிக்காதே.

ஜனவரி 27-ஆம் தேதி எம்23 கிளர்ச்சிப்படை ஊருக்குள் வந்துவிட்டது என்று டிவியில் ஓடியது. அன்றிலிருந்து இன்றுவரை நீ அனுப்பியவற்றை நேற்று எண்ணிப் பார்த்தேன். பதினொன்று. பதினொன்றிலும் ஒரே பாட்டுதான்: "நல்லா இருக்கேம்மா. சாப்பிட்டேன். பயப்படாதீங்க." உன் அப்பா அதைப் படித்துவிட்டு நிம்மதியாகக் குறட்டை விடுகிறார். உனக்கு ராத்திரி ஏழரை ஆகும்போது இங்கே பதினொன்று. அதுவரை போனைக் கையில் வைத்துக்கொண்டு நான்தான் திண்ணையில் இருக்கிறேன். எனக்கு அந்த வாசகம் புதிதல்ல. 1999-இல் அதை ஊராருக்கெல்லாம் எழுதிக் கொடுத்தவள் நான்.

கார்கில் சண்டை நடந்த அந்த வருஷம் உனக்கு இரண்டு வயது. அப்பா குவைத்தில். உன்னைப் பாட்டியிடம் விட்டுவிட்டு நான் ஸ்ரீநகரில் 92 பேஸ் என்ற ராணுவ ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தேன். உன்னிடம் இதைப் பற்றி அதிகம் பேசியதில்லை. நீ பூனாவில் ராணுவ மருத்துவக் கல்லூரியான ஏ.எஃப்.எம்.சி.யில் சேர்ந்தபோதுகூட, "நல்ல வேலை, முதுகு வலிக்கும்" என்பதோடு நிறுத்திக்கொண்டேன். ஜூலை 26 வந்தால் டிவியில் டைகர் ஹில்லைக் காட்டுவார்கள். நான் எழுந்து அடுக்களைக்குப் போய்விடுவேன். நீ கவனித்திருப்பாய்.

எங்கள் நாள் ஹெலிகாப்டர் சத்தத்தில்தான் விடியும். த்ராஸிலும் பட்டாலிக்கிலும் எதிரி மேலே உட்கார்ந்திருந்தான். நம் பையன்கள் மொட்டைப் பாறையில் கீழிருந்து ஏற வேண்டும். பகலில் ஏறினால் ஒளிய ஒரு செடிகூடக் கிடையாது. அதனால் சண்டை ராத்திரியில். அடிபட்டவர்களை விடிய விடியத் தூக்கிக்கொண்டு இறங்குவார்கள். முதலுதவி முடிந்து, வானம் தெளிவாக இருந்தால் காலையில் எங்களிடம் வந்து சேர்வார்கள். கொஞ்ச நாளில் சத்தத்தை வைத்தே ஆளை எண்ணக் கற்றுக்கொண்டோம். சின்ன ஹெலிகாப்டரான சீட்டா என்றால் ஒருவர், இருவர். பெரிய எம்.ஐ.-17 என்றால் டீயை அப்படியே வைத்துவிட்டு ஓட வேண்டும். ஜூன் 13 காலையில், தோலோலிங் மலையை நம்மவர்கள் பிடித்த அன்று, நான் வைத்துவிட்டுப் போன டீயைச் சாயங்காலம் வந்து பார்த்தபோது மேலே ஆடை கட்டியிருந்தது. அப்படியே குடித்தேன்.

முதல் வேலை வெட்டுவது. சீருடையைக் கழற்றினால் உடைந்த எலும்பு அசையும், அதனால் கத்தரிக்கோல். ரத்தமும் பனியும் சேர்ந்து விறைத்துப் போன துணியும், பூட்ஸ் லேஸும் வெட்டி வெட்டி இரண்டே நாளில் கத்தரிக்கோல் மழுங்கிவிடும். சாணை பிடிக்க யாரைத் தேடுவது? மெஸ்ஸில் இருந்த பீங்கான் கோப்பையைக் கவிழ்த்து, அடியில் சொரசொரப்பாக ஒரு வளையம் இருக்கிறதே, அதில் தேய்த்துக்கொள்வோம். இப்போதும் நம் வீட்டு அரிவாள்மனையை நான் கோப்பையில் தேய்ப்பதைப் பார்த்து நீ சிரிப்பாயே, அந்தப் பழக்கம் அங்கே வந்தது.

வெட்டுவதற்கு முன் பையைத் தடவ வேண்டும். கிரெனேடு இருக்கலாம். அநேகமாக இருப்பது பீடிக்கட்டு, ஒரு சாமி படம், பாதி தின்ற சக்கர்பாரா, மடித்து மடித்துக் கிழிந்த ஒரு கடிதம். எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுப் பெயரோடு ஆர்மி நம்பரையும் எழுத வேண்டும். பெயரை மட்டும் நம்பாதே என்று எங்கள் மேட்ரன் தினமும் சொல்வார். பின்னால் அது எவ்வளவு சரி என்று நாடே பார்த்தது. 18 கிரெனேடியர்ஸ் படைப்பிரிவில் யோகேந்திர சிங் யாதவ் என்ற பெயரில் இரண்டு பேர். டைகர் ஹில்லில் அத்தனை குண்டு வாங்கியும் பிழைத்த பத்தொன்பது வயதுப் பையனுக்கு, அவன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் உயிரோடு படுத்திருக்கும்போதே, இறந்தவருக்கு என்று சொல்லிப் பரம்வீர் சக்ரா அறிவிப்பு வந்தது. இறந்தது மற்றவர்.

காயத்தைத் தைக்காமல் திறந்தே விடுவதில் உனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. ஷெல் துண்டு மண்ணையும் துணியையும் உள்ளே இழுத்துக்கொண்டு போயிருக்கும். சுத்தம் செய்து, நாலாம் நாள் ஐந்தாம் நாள் பார்த்துத்தான் தையல். ஆனால் படுத்திருப்பவனுக்கு அது புரியாது. "சிஸ்டர், என்னை மறந்துட்டாங்களா?" என்று ஒரு நாகா பையன் எனக்குத் தெரிந்ததைவிட மோசமான இந்தியில் கேட்டுக்கொண்டே இருந்தான்.

பனிக்கடிதான் என்னால் மறக்க முடியாதது. வருபவன் சிரித்துக்கொண்டே வருவான். கால் மரக்கட்டை மாதிரி வெளுத்திருக்கும், வலியே இருக்காது. நாற்பது டிகிரி வெந்நீர்த் தொட்டியில் காலை வைப்போம். தேய்க்கக் கூடாது, சூடு குறையவும் கூடாது, ஒருத்தி பக்கத்தில் நின்று கெட்டிலில் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கால் மணி நேரத்தில் விரல்கள் சிவக்கத் தொடங்கும். அப்போதுதான் அலறல். உயிர் திரும்பி வருவதுதான் வலிக்கிறது என்று தெரிந்தும், ஏதோ நான் வெந்நீர் ஊற்றித் துன்புறுத்துவது போலவே எனக்குத் தோன்றும்.

தலைக்குக் குளிக்க நேரம் இல்லாமல் முடியைக் கழுத்தோடு வெட்டிக்கொண்டேன். பாட்டிக்கு எழுதினேன்: "இங்கே தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை, முடி கொட்டுகிறது. மற்றபடி குளிர் மட்டும்தான்."

இனி சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

ராத்திரி பத்து மணிக்கு மருந்து கொடுத்து முடித்ததும் கடிதம் எழுதும் நேரம். கையில் கட்டுப் போட்டவர்கள், கண்ணில் கட்டுப் போட்டவர்கள், எழுதத் தெரியாதவர்கள் எல்லாருக்கும் நாங்கள்தான் எழுத வேண்டும். நிலைமை மோசமானவர்களை டி.ஐ. லிஸ்டில், அதாவது உயிருக்கு ஆபத்தானவர்கள் பட்டியலில், சேர்த்ததும் வீட்டுக்குத் தந்தி போய்விடும். கண் விழித்ததும் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "வீட்டுக்குத் தந்தி போயிடுச்சா சிஸ்டர்?" போயிருந்தால் உடனே அதை மறுத்து ஒரு கடிதம் எழுத வேண்டும். இந்தியில் எழுதினால் "மாமூலி சோட்". நம் ஊரில் மாமூல் என்றால் போலீஸ்காரருக்குக் கொடுப்பது என்று சொல்லி வார்டையே ஒருநாள் சிரிக்க வைத்தேன். தமிழில் "லேசான காயம்தான்". கால் இல்லாதவனுக்கும் லேசான காயம், குடல் வெளியே வந்தவனுக்கும் லேசான காயம். அந்தச் சண்டையில் இறந்தவர்கள் 527, காயம்பட்டவர்கள் 1,363 என்று பின்னால் அரசு கணக்கு சொன்னது. அந்தக் கடிதங்களை எல்லாம் சேர்த்துப் பார்த்தால் ஒருத்தருக்கும் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை.

வேலூர் பக்கத்துப் பையன் ஒருவன் இருந்தான். பீரங்கிப் படை. த்ராஸில் அவர்கள் பீரங்கி நின்ற இடத்தில் ஷெல் விழுந்து, வலது கையில் மூன்று விரல் போய்விட்டது. இரண்டு கண்ணிலும் கட்டு. தமிழ்ச் சத்தம் கேட்டதும் என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொள்வது போலப் பேசுவான் (அங்கே நாங்கள் சேலை கட்டவில்லை, சும்மா சொல்கிறேன்). தினமும் ஒன்று கேட்பான்: "திருச்சி மேஜர் உடம்பு கிடைச்சுதா சிஸ்டர்?" மேஜர் சரவணன் மே 29 அன்று பட்டாலிக்கில் விழுந்தார். உடலைக் கீழே கொண்டுவர ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. அவர் வீட்டார் காத்திருப்பது தெரிந்ததால், தன் வீட்டுக்கு உடனே எழுத வேண்டும் என்று பறந்தான். வழக்கம்போல எழுதினேன். "அம்மா, கையில் லேசான காயம்தான். கண்ணில் தூசி. நன்றாகச் சாப்பிடுகிறேன்."

இரண்டு வாரம் கழித்து இன்லண்ட் லெட்டரில் பதில் வந்தது. அவன் கட்டிலில் உட்கார்ந்து உரக்கப் படித்துக் காட்டினேன். மாடு கன்று போட்டது, தங்கைக்கு வரன் வந்தது, எல்லாம் படித்தேன். கடைசியில் நாலு வரி. நிறுத்திவிட்டேன்.

"என்ன சிஸ்டர் நிறுத்திட்டீங்க?"

படித்தேன். "இது எம்புள்ள கையெழுத்து இல்ல. எழுதிக் குடுத்த மகராசி யாருன்னு தெரியல. அவங்கப்பாரு 71 சண்டைக்குப் போனவரு, எனக்கு இதெல்லாம் புதுசில்ல. எம்புள்ளைக்குக் கை இருக்குதா இல்லியா, அத்த மட்டும் எழுதும்மா. வேற எதுவும் கேக்க மாட்டேன்."

அவன் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. கட்டுப் போட்ட கையை மார்பில் வைத்துக்கொண்டிருந்தான். பிறகு சொன்னான்: "எழுதுங்க சிஸ்டர். மூணு விரல் இல்லன்னு எழுதுங்க. கட்டை விரல் இருக்குதுன்னும் எழுதிடுங்க. கட்டை விரல் இருந்தா ஏர் பிடிச்சிரலாம், அம்மாவுக்குத் தெரியும்."

அப்படியே எழுதினேன். அதற்குப் பதில் வருவதற்குள் அவனைப் பூனாவுக்கு அனுப்பிவிட்டார்கள். கண் என்ன ஆனது, அம்மா என்ன எழுதினாள், எதுவும் எனக்குத் தெரியாது. ஆனால் அதற்குப் பிறகு நான் எழுதிய கடிதங்களில் "லேசான" என்ற வார்த்தையை வெட்டிவிட்டேன். பையன்கள் சண்டை போட்டார்கள். "உன் அம்மா உன்னைவிட விவரமானவள்" என்று சொல்லிவிடுவேன்.

ஊராருக்கு அப்படி, என் அம்மாவுக்கோ "குளிர் மட்டும்தான்" என்றுதான் கடைசிவரை எழுதினேன். அக்டோபரில் லீவில் வந்தபோது பாட்டி என் தலையைப் பார்த்தாள். தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. மணையைப் போட்டு உட்கார வைத்து, இருந்த முடிக்கு எண்ணெய் வைத்தாள். கத்தரிக்கோலில் வெட்டிய முடிக்கும் கொட்டிய முடிக்கும் அவளுக்கா வித்தியாசம் தெரியாது? நீ பக்கத்தில் நின்று என்னை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

உன்னைத் திட்ட இதை எழுதவில்லை. போன நவம்பரில் நீ எப்படி எழுதினாய்! "இங்கேயும் நம்ம மரச்சீனிதாம்மா, இலையைக்கூட இடிச்சு சொம்பேன்னு கறி வைக்கிறாங்க. ராத்திரியில எரிமலை வாய் சிவப்பா தெரியுது, 2021-ல வெடிச்ச அதே மலை." அதைப் படித்தபோது உன்னைப் பார்த்த மாதிரி இருந்தது. இந்தப் பதினொன்றில் நீ இல்லை. வாட்ஸ்அப்பில் எல்லார் எழுத்தும் ஒரே மாதிரிதான் இருக்கிறது. உன் போனை வேறு யாராவது வைத்துக்கொண்டு தட்டினாலும் எனக்கு எப்படித் தெரியும்?

பாதுகாப்பு விஷயம் எதுவும் கேட்கவில்லை. எத்தனை பேர் வந்தார்கள், யார் சுட்டார்கள், அதெல்லாம் எழுதக் கூடாது என்று எனக்கும் தெரியும். எனக்கு வேண்டியது இதுதான். குடிக்கத் தண்ணீர் வருகிறதா. ஜெனரேட்டர் எத்தனை மணி நேரம் ஓடுகிறது. படுப்பது கட்டிலிலா, பங்கரில் தரையிலா. தரையில் என்றால் உன் இடது முட்டி என்ன சொல்கிறது. சாப்பிட்டேன் என்கிறாயே, நின்றுகொண்டா, உட்கார்ந்தா. அழுதாயா. அழுதிருந்தால் பக்கத்தில் யார் இருந்தார்கள். முடி வெட்டிவிட்டாயா.

கிழங்கு வெந்துவிட்டது, அப்பா கூப்பிடுகிறார். பதிலைத் தட்டி அனுப்பாதே. ஒரு தாளில் உன் கையால் எழுதிப் போட்டோ எடுத்து அனுப்பு. மருந்துச் சீட்டின் பின்பக்கம் போதும். பேனா இல்லையென்றால் பென்சிலில் எழுது, நான் பெரிதாக்கிப் பார்த்துக்கொள்வேன்.

அம்மா