முன் பிளேட்டுக்காக ஓட்டை போடாதே

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. புது வீடு, புது ஊர், தங்கச்சிக்கு வேலையும் பிடித்துப்போய்விட்டது என்று படித்ததில் மனசு நிறைந்தது. இங்கே எல்லோரும் சுகம். எனக்கு மட்டும் வலது முட்டி சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. காருக்கு அடியில் படுத்துவிடலாம், எழுந்திருக்கத்தான் ஆள் வேண்டியிருக்கிறது. சின்னவள் ஸ்பேனர் எடுத்துத் தருகிறாள், கூடவே "இந்த வயசில் இது தேவையா" என்றும் சேர்த்துத் தருகிறாள்.

நாலு பக்கம் எழுதிவிட்டுக் கடைசி வரியில் போகிறபோக்கில் ஒன்று கேட்டிருக்கிறாய்: "முன்னாடியும் நம்பர் பிளேட் மாட்டணுமாம், பம்பருக்குக் கீழே ரெண்டு ஓட்டை போட்டுடவா?" கடிதத்திலேயே எனக்குத் தூக்கிவாரிப்போட்ட வரி அதுதான். போடாதே. டிரில்லை எடுத்து உள்ளே வை, பிறகு மேலே படி.

ஒஹாயோவில் 2020 ஜூலையில் முன் பிளேட் வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். நீ காரை வாங்கியது அதற்கப்புறம். அதனால் உன் எம்.ஜி.பி. ஸ்போர்ட்ஸ் காரின் முகத்தை வெறுமையாகவே பார்த்துப் பழகிவிட்டாய். இப்போது கலிஃபோர்னியாவில் இரண்டு பிளேட்டைக் கையில் கொடுத்து முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று மாட்டு என்றதும், கல்யாண வீட்டு வாசலில் கட்சி போஸ்டர் ஒட்டின மாதிரி உனக்கு எரிகிறது. எனக்கு அப்படித் தோன்றவில்லையடா. 1904இலிருந்தே கார் என்றால் நம்பர் இருந்தாக வேண்டிய எங்கள் இங்கிலாந்தில், அபிங்டன் ஊரில் செய்த கார் அது. அதை வரைந்தவர்கள் பிளேட்டையும் மனசில் வைத்துத்தான் வரைந்திருப்பார்கள். என் எம்.ஜி.பி. ஜி.டி.யில் (உன் காரின் கூரை வைத்த உடன்பிறப்பு) கறுப்புப் பட்டையில் வெள்ளி எழுத்துதான் இன்னும் இருக்கிறது. 1980க்கு முன் செய்து, 'ஹிஸ்டாரிக்' என்ற பழைய வண்டி வகையில் பதிவான வண்டிக்கு அதை இங்கே அனுமதிக்கிறார்கள். அந்தப் பட்டை இல்லாமல் பார்த்தால்தான் எனக்கு மூளியாகத் தெரியும்.

உனக்குத் தொல்லை தருவது பிளேட்டின் வடிவம். இங்கே இன்றைய பிளேட் 520 மி.மீ. நீளம், 111 மி.மீ. உயரம். ஒடிசலான பட்டை, பம்பருக்குக் கீழே தொங்கவிட்டால் இருக்கிற இடமே தெரியாது. அமெரிக்கப் பிளேட் 1956இல் 12க்கு 6 அங்குலம் என்று ஒரே அளவுக்கு வந்தது. நீளம் குறைவு, உயரம் நாலு சென்டிமீட்டர் அதிகம். கீழே தொங்கவிட்டால் அந்த நாலு சென்டிமீட்டர்தான் வீட்டு வாசல் சரிவிலும் நடைபாதை விளிம்பிலும் உரசும். மேலே ஏற்றினால் கிரில்லை மறைக்கும். கிரில்லுக்குப் பின்னால் ரேடியேட்டர் இருக்கிறது, உன் காரில் அதற்கும் முன்னால் என்ஜின் எண்ணெயைக் குளிர்விக்கும் ஆயில் கூலர் வேறு. ஒஹாயோ குளிரில் அந்த 1798 சி.சி. என்ஜின் எதையும் தாங்கியிருக்கும். நீ இப்போது இருக்கும் வெயிலில் காற்று வழியில் ஒரு தகரத்தை நிறுத்திவைப்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஆகவே கிரில்லுக்கு முன்னால் வேண்டாம்.

இதில் ஜாகுவார் ஈ-டைப்காரர்கள் பாடு இன்னும் மோசம். அதன் வாய்க்குப் பக்கத்தில் பிளேட் மாட்டப் பொருத்தமான இடமே கிடையாது. அதனால் இங்கே பல பேர் எண்ணை ஸ்டிக்கராகப் பானெட் மேலேயே ஒட்டிவிடுகிறார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. உனக்கு அந்த வழி வேண்டாம், கொடுத்த பிளேட்டையே மாட்டு. உன் மச்சான் காந்தம் வைத்து ஒட்டச் சொன்னான் என்று எழுதியிருந்தாயே, அவனிடம் சொல்: '67 எம்.ஜி.பி.யின் பானெட் அலுமினியம். காந்தம் அதில் ஒட்டவே ஒட்டாது. வேறு இடத்தில் ஒட்டினாலும் நடுவில் மாட்டிய மணல் பெயின்டை அரைத்துவிடும்.

நான் செய்வது இப்படி. பம்பருக்குப் பின்னால் கையை விட்டுத் தடவிப் பார். பம்பரையும் அதன் மேல் செங்குத்தாக நிற்கும் ஓவர்ரைடரையும் பிடித்திருக்கும் போல்ட்கள் அகப்படும். பிளேட் அந்தப் போல்ட்களில்தான் தொங்க வேண்டும். 3 மி.மீ. இரும்புப் பட்டையில் இரண்டு துண்டு வெட்டி, வைஸில் வைத்து எல் மாதிரி வளைத்து, மேல் முனையைப் போல்ட்டில் மாட்டு. கீழ் முனைகள் இரண்டையும் சேர்த்து ஒரு பின்தகடு வை, அதன் மேல் பிளேட். பின்தகடு இல்லாமல் மாட்டினால், நாலு சிலிண்டர் ஐடிலில் நடுங்குகிற நடுக்கத்தில் மெல்லிய அலுமினியம் ஸ்குரூ ஓட்டையைச் சுற்றி வெடித்துவிடும். பிளேட்டுக்கும் தகட்டுக்கும் நடுவே மெல்லிய ரப்பர் பட்டை ஒட்டிவிட்டால் சத்தமும் வராது. மேல் ஓட்டைகளுக்கு இடையே சரியாக 7 அங்குலம் இருக்கும், அந்தக் கணக்கில் தகட்டில் துளை போடு. உன் டிரில் ஆசையை அங்கே தீர்த்துக்கொள்.

சங்கிலியிலோ வயர் டையிலோ கட்டித் தொங்கவிடும் யோசனை இருந்தால் விட்டுவிடு. கலிஃபோர்னியா வாகனச் சட்டம் 5201ஆம் பிரிவு பிளேட் ஊசலாடவே கூடாது என்கிறது. எழுத்து நேராக, தெளிவாகத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். நடுவில்தான் இருக்க வேண்டும் என்று அதில் ஒரு சொல் இல்லை. ஆகவே ஆல்ஃபா ரோமியோவில் வைப்பார்களே, அப்படி ஓவர்ரைடருக்கு வெளியே ஓரமாக வைக்கவும் உனக்கு இடம் இருக்கிறது. எனக்கு அது பிடிக்காது. எம்.ஜி. நேர்முகமான கார், ஒரு பக்கம் கோணினால் பல் விழுந்த மாதிரி இருக்கும். உன் கார், உன் இஷ்டம்.

நட் விஷயத்தில் மட்டும் அவசரப்படாதே. எம்.ஜி.யைச் செய்த பி.எம்.சி. கம்பெனியின் அந்தக் காலத்துக் கார்களில் பெரும்பாலும் யூ.என்.எஃப். என்கிற அங்குல அளவு இழை. 5/16 அங்குலப் போல்ட் 7.94 மி.மீ., மெட்ரிக் அளவான எம்8 போல்ட் 8 மி.மீ. கண்ணுக்கு ஒன்றேதான். கையில் கிடைத்த எம்8 நட்டைப் போட்டால் ஒரு சுற்று நல்ல பிள்ளையாக ஏறும், அப்புறம் இறுகும். துருதான் என்று நினைத்து ஸ்பேனரைப் போட்டு அழுத்தினால் இழை போய்விடும். பிளேட்டுக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்குரூவும் வேண்டாம். அலுமினியமும் ஸ்டெயின்லெஸும் ஈரத்தில் சேர்ந்தால் அலுமினியம் பொடியாக உதிரும். நைலான் ஸ்குரூ போதும். என்னுடையதில் அதுதான் இருக்கிறது, உப்பு போட்ட சாலையில் ஓடியும் ஒன்றும் ஆகவில்லை.

உப்பு என்றதும் ஞாபகம் வருகிறது. உன் கார் 2020க்கு முன்பும் ஒஹாயோவில்தானே ஓடியது? அப்படியானால் அதற்குப் பெரும்பாலும் முன் பிளேட் இருந்திருக்கும். முன்பு வைத்திருந்தவர் கழற்றிவிட்டிருப்பார். பம்பருக்குக் கீழே உள்ள வேலன்ஸ் தகட்டை உள்பக்கமிருந்து டார்ச் அடித்துப் பார். யாராவது ஏற்கெனவே ஓட்டை போட்டு, பட்டி வைத்து மூடிப் பெயின்ட் அடித்திருந்தால், வெளியே பளபளவென்றும் உள்ளே பழுப்பாகவும் இருக்கும். பெயின்ட் வீங்கியிருந்தால் அதுவே அடையாளம். அப்படி இருந்தால் பிளேட் காத்திருக்கட்டும். முதலில் வெறும் இரும்பு தெரியும்வரை சுரண்டிவிட்டுத் துத்தநாகப் பிரைமர் அடி. உள்பக்கம் மெழுகும் பூசு. அந்தப் பழைய ஓட்டை நல்ல நிலையில் இருந்தால் அதையே பயன்படுத்து, புதிதாகப் பட்டை வளைக்க வேண்டியதே இல்லை.

பிளேட் மாட்டினபின் ஒருநாள் நல்ல மத்தியான வெயிலில் டிராஃபிக்கில் ஓட்டிப் பார். வெப்ப முள் முன்பு நின்ற இடத்தைவிட ஏறினால் எனக்கு எழுது, பிளேட்டை இன்னும் கொஞ்சம் கீழே இறக்கலாம்.

இப்போதைக்கு நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். இரண்டு போல்ட்டுக்கும் நடுவே உள்ள தூரம், போல்ட்டின் கனம், பம்பரின் அடி விளிம்பிலிருந்து தரைவரை உயரம், இந்த மூன்றையும் அளந்து அனுப்பு. பட்டையை நானே வளைத்துப் பெயின்ட் அடித்துத் தபாலில் போடுகிறேன். முட்டியை மடக்காமல் செய்யக்கூடிய வேலை இப்போதெல்லாம் எனக்கு அபூர்வமாகத்தான் அமைகிறது. தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல். மச்சானிடம் காந்தத்தைத் திருப்பிக் கொடுத்துவிடு.

என்றும் உன்,
பழைய நண்பன்