வெற்று ஜெல்

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே ஆய்வகத்தில் யாரும் சிரிப்பதே இல்லை என்று போன கடிதத்தில் புலம்பியிருந்தேனே, அதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். நன்றாகவே சிரிக்கிறார்கள். எதற்கென்றுதான் எனக்குப் பிடிபடவில்லை.

மூன்று வாரமாக என் ஜெல்லில், அதாவது டி.என்.ஏ.வை அளவுவாரியாகப் பிரித்துப் பார்க்கும் கூழ்ப் பாளத்தில், ஒன்றும் வரவில்லை. டி.என்.ஏ. துண்டுகள் கோடு கோடாகத் தெரிய வேண்டும். எனக்கோ அளவு பார்க்கப் போடும் மார்க்கர்கூடத் தெரியவில்லை, துடைத்துவிட்ட பலகை மாதிரி இருந்தது. வாராந்தரக் கூட்டத்தில் அந்தப் படத்தைத் திரையில் போட்டுவிட்டுத் தலைகுனிந்து நின்றேன். பேராசிரியர் உற்றுப் பார்த்துவிட்டு, "ஒரு பிழைகூடக் கண்ணில் படவில்லையே" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அப்புறம் பக்கத்து மேசைக்காரர் ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டினார். டென்னிஸ் அப்பர் என்ற உளவியலாளர் 1974-இல் ஓர் ஆய்விதழில் வெளியிட்ட கட்டுரை. எழுத்து ஓடாமல் நின்றுபோனதற்குத் தனக்குத்தானே வைத்தியம் செய்துகொண்டு தோற்றதைப் பற்றி என்று தலைப்பு சொல்கிறது. கீழே பக்கம் காலி! எலுமிச்சைச் சாறு, எக்ஸ்ரே எல்லாம் வைத்துப் பார்த்தும் ஒரு பிழையும் அகப்படவில்லை என்று மதிப்பீட்டாளர் வேறு அடியில் எழுதியிருக்கிறார். பேராசிரியர் சொன்னது அதைத்தானாம்.

பக்கத்து மேசைக்காரர் இன்னொரு கதையும் சொன்னார். 1975-இல் ஜாக் ஹெதரிங்டன் என்ற இயற்பியலாளர் தனியாக எழுதிய கட்டுரையில் முழுக்க 'நாங்கள்' என்று போட்டுவிட்டார். ஒருவர் மட்டும் எழுதினால் அப்படி எழுத இதழ் விடாது என்று நண்பர் சொல்ல, திரும்பத் தட்டச்சு செய்ய அலுத்துக்கொண்டு தன் பூனையையே எஃப்.டி.சி. வில்லார்ட் என்று இணையாசிரியராக்கிவிட்டார். அச்சிலும் வந்துவிட்டது.

எல்லாவற்றையும் ரசிக்க முடியவில்லை, அக்கா. ஈயின் ஒரு மரபணு கெட்டால் அதன் புழுவுக்கு உடம்பெல்லாம் முள் முளைப்பதால் அந்த மரபணுவுக்கு 'ஹெட்ஜ்ஹாக்', அதாவது 'முள்ளெலி' என்று பெயர். நம் உடம்பிலும் உள்ள அதன் சொந்தக்கார மரபணு ஒன்றுக்கு வீடியோ கேம் பாத்திரத்தின் பெயரில் 'சோனிக் ஹெட்ஜ்ஹாக்' என்று வைத்துவிட்டார்கள். அது பழுதானால் கருவிலேயே மூளை இரு பாதியாகச் சரியாகப் பிரியாமல் போகலாம். பெற்றவர்களிடம் இந்தப் பெயரை மருத்துவர் எந்த முகத்தோடு சொல்வார்? கேட்டேன். மேசையில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

நேற்று என் ஜெல்லில் கோடுகள் விழுந்துவிட்டன. கோடுகளைக் காட்டும் பழைய சாயம்தான் வெளிச்சம் பட்டுக் கெட்டிருக்கிறது. பேராசிரியர் வந்து பார்த்தார். ஜோக் ஒன்றும் அடிக்கவில்லை. "இன்னொரு தடவை போட்டுப் பாருங்கள்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அன்புடன்,
உன் தங்கை