குழாய் ஸ்பீக்கர்களைக் கழற்ற வேண்டாம்

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்குக் காதுகுத்து நல்லபடியாக முடிந்ததில் சந்தோஷம். எனக்கு மூட்டுவலி குறைந்திருக்கிறது. இங்கே மழைதான் விட்டபாடில்லை.

மாரியம்மன் திருவிழாவுக்குப் பழைய குழாய் ஸ்பீக்கர்களைக் கழித்துவிட்டு, பெட்டி ஸ்பீக்கரும் 200 வாட் ஆம்ப்ளிஃபயரும் வாங்கப்போகிறான் உன் மகன் என்று எழுதியிருந்தாய். வேண்டாமடா. 100 வாட்டை 200 ஆக்கினால் சத்தத்தின் அளவு 3 டெசிபல்தான் கூடும். கூட்டத்தில் நிற்பவனுக்கு அது லேசாகத்தான் தெரியும். இரண்டு பங்கு சத்தமாகக் கேட்கவேண்டுமென்றால் ஏறக்குறைய பத்து மடங்கு வாட் வேண்டும்.

ஆம்ப்ளிஃபயர் செய்கிற வேலை மதகு வேலைதான். மைக்கிலிருந்து வரும் சின்ன மின் அலை மதகுப் பலகையைத் தூக்கி இறக்குவதுபோலச் செய்ய, பவர் சப்ளையில் தேங்கி நிற்கும் மின்சாரம் அதற்கேற்பக் கூடியும் குறைந்தும் பாய்கிறது. அது காந்தத்தின் இடுக்கில் தொங்கும் வாய்ஸ் காயில் என்ற கம்பிச்சுருளில் ஓடும்போது காயில் முன்னும் பின்னும் ஆடும்; அதோடு ஒட்டிய கோன், அதாவது கூம்புத் தாள், காற்றைத் தள்ளும். 1925இல் அமெரிக்காவில் ரைஸ், கெல்லாக் என்ற இரண்டு பொறியாளர்கள் வெளியிட்ட அமைப்பு, இன்றைக்கும் அடிப்படையில் அதேதான்.

ஆனால் காற்று கோனுக்குச் சரியாகப் பிடி கொடுக்காது. பெட்டி ஸ்பீக்கருக்கு 100 வாட் கொடுத்தால் ஒன்றிரண்டு வாட்தான் ஒலியாகும், மிச்சமெல்லாம் சூடு. குழாயில் அப்படியில்லை. குழாயின் பின்னால் மாட்டிய யூனிட்டுக்குள் இருக்கும் மெல்லிய தகடு குறுகலான கழுத்தில் காற்றை அழுத்துகிறது. அந்த அழுத்தம் விரிந்துகொண்டே போகும் குழாய் வழியாக வெளிக்காற்றில் நழுவாமல் சேர்கிறது. அதே வாட்டில் பல மடங்கு ஒலி, அதுவும் திருப்பிய திசையில். நாம் வேப்பமரத்தில் கட்டிய குழாய் பக்கத்து ஊர்வரை கேட்டது இதனால்தான். ஒரு குறை உண்டு, மறுக்கவில்லை: குட்டைக் குழாயில் கனத்த கீழ்ச்சத்தம் ஏறாது. நாதஸ்வரம் கணீரென்று வரும், தவிலின் தொப்பிப் பக்கம் மங்கிவிடும். கச்சேரி மேடைக்கு மட்டும் பெட்டி வைக்கட்டும்.

அந்தப் பணத்தில் இன்னும் இரண்டு குழாய் வாங்கித் தெருமுனைகளில் கட்டச் சொல். கேட்பவனுக்கும் குழாய்க்கும் உள்ள தூரம் பாதியானால் 6 டெசிபல் கூடும். நாலு மடங்கு வாட்டுக்குச் சமம். யூனிட்களின் மொத்த வாட் ஆம்ப்ளிஃபயரைத் தாண்டாதபடி ஒவ்வொரு குழாயும் எத்தனை வாட் எடுக்கும் என்று தீர்மானிக்கும் டிரான்ஸ்ஃபார்மர் டேப்பை வைக்கட்டும். வால்யூமை முழுக்கத் திருப்பவே கூடாது: அலையின் உச்சி வெட்டுப்பட்டுக் குரல் கரகரக்கும், காயிலும் கருகும். குழாய்களை மைக்குக்கு முன்னால், கூட்டத்தைப் பார்த்துக் கட்டவேண்டும், இல்லாவிட்டால் சத்தம் திரும்ப மைக்கில் நுழைந்து ஊளையிடும். இரவு 10 மணிக்கு நிறுத்திவிடட்டும், பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் இருப்பார்கள்.

திருவிழாத் தேதியை எழுது, வருகிறேன்.

அன்புடன்,
சுந்தரம்