தம்பி, முட்டை பிஞ்சதுக்கு நீ காரணம் இல்லடா

அன்புள்ள தம்பிக்கு,

நேத்து ராத்திரி நீ அனுப்புன ஸ்டஃப்டு எக் ஃபோட்டோவ ரொம்ப நேரம் பாத்துட்டே இருந்தேன். தட்டுல பன்னெண்டு பாதி முட்டை, ஒண்ணாச்சும் முழுசா இல்ல, எல்லாத்துலயும் தோலோட சதையும் பிஞ்சி வந்து அங்கங்க குழி, அதுக்கு மேல நீ பாவம் அவ்ளோ அழகா ஃபில்லிங் வச்சிருக்க. கீழ ஒரே வரி, "எனக்கு இது வராதுக்கா"ன்னு. ஃபோன்ல சொன்னா பாதியிலயே சரிக்கா சரிக்கான்னு வச்சிருவ, அதான் உக்காந்து எழுதுறேன்.

நீ என்கிட்ட கேட்டதெல்லாம் ஃபில்லிங்ல என்ன போடணும், எவ்ளோ போடணும்னுதான். ஆனா ஸ்டஃப்டு எக்னா அவிச்ச முட்டைய பாதியா வெட்டி, மஞ்சள் கருவ எடுத்து மசிச்சு கலந்து, திரும்ப அந்தக் குழியிலயே நிரப்புறதுதானே, அதுல முக்கால்வாசி வேலை வேக வைக்கிறதுலயும் உரிக்கிறதுலயும்தான் இருக்கு, அது சரியா வந்துட்டா மிச்சம் பத்து நிமிஷ வேலை.

முட்டை நல்லா ஃப்ரெஷ்ஷா இருக்கணும்னு தேடி வாங்குனேன்னு சொன்னல்ல, அங்கதான் சிக்கலே. புது முட்டையில வெள்ளைக்கரு ஓட்டுக்கு உள்ள இருக்குற சவ்வோட இறுக்கமா ஒட்டிட்டு இருக்கும். நாள் ஆக ஆக ஓட்டுல இருக்குற பொடிப்பொடி துளை வழியா கார்பன் டை ஆக்ஸைடு வெளிய போயிட்டே இருக்கும், அதனால வெள்ளைக்கருவோட பிஹெச், அதாவது அமிலமா காரமான்னு காட்டுற அளவு, 7.6 மாதிரி இருந்தது 9 பக்கத்துல ஏறிடும், அது ஏறுனா அந்தப் பிடி தளர்ந்துரும். ஆஃப்பாயிலுக்கு புது முட்டை, அவிச்சு உரிக்கிறதுக்கு ஃப்ரிட்ஜ்ல ஒரு வாரம் பத்து நாள் இருந்த முட்டை, இத மட்டும் மனசுல வச்சுக்கோ. செய்யுறதுக்கு முந்தின ராத்திரி மூடி போட்ட முட்டை அட்டைய அப்படியே பக்கவாட்டுல படுக்க வச்சிட்டா மஞ்சள் கரு ஒரு ஓரமா ஒதுங்காம நடுவுல வர்றதுக்கு உதவும், வெட்டும்போது ஒரு பக்கம் சுவர் மாதிரியும் இன்னொரு பக்கம் பேப்பர் மாதிரியும் இருக்காது.

அடுத்தது, பச்சைத்தண்ணியில முட்டைய போட்டு அடுப்ப பத்த வைக்காத. தண்ணி தளதளன்னு கொதிச்சதும் முட்டைய ஒரு கரண்டியில எடுத்து மெதுவா இறக்கு, தீய கொஞ்சம் கொறச்சிக்கோ, பன்னெண்டு நிமிஷம் டைமர் வை. மெதுவா சூடேறுனா வெள்ளைக்கரு சவ்வோட சேந்து வெந்து ஒட்டிக்கும், சுடுதண்ணியில சட்டுன்னு வெந்தா தனியா இறுகிக்கும். டைமர் அடிச்சதும் நேரா ஐஸ் தண்ணிக்கு, பத்து நிமிஷமாச்சும் உள்ளயே கிடக்கட்டும். இதுல சோம்பேறித்தனம் பண்ணா உள்சூட்டுலயே இன்னும் வெந்து மஞ்சள் கருவ சுத்தி ஒரு பச்சை வளையம் வரும். வெள்ளைக்கருவுல இருந்து வர்ற கந்தகமும் மஞ்சள் கருவுல இருக்குற இரும்பும் சேர்றதால வர்றது அது, சாப்பிட்டா ஒண்ணும் ஆகாது, ஆனா வெட்டி வச்சா பாக்க நல்லாருக்காது.

உரிக்கிறப்ப அகலமான முனையில தட்டு, அங்கதான் காத்துப்பை இருக்கும். அப்புறம் உள்ளங்கைய வச்சி மேடையில லேசா உருட்டுனா ஓடு முழுக்க விரிசல் விட்டுரும், தண்ணிக்குள்ள முக்கிக்கிட்டே கட்டைவிரலால சவ்வோட சேத்து தள்ளு. சவ்வுக்கு அடியில தண்ணி போச்சுன்னா ஓடு சட்டை கழட்டுற மாதிரி மொத்தமா வரும், வழவழன்னு முட்டை கையில நிக்கும், எத்தன தடவ உரிச்சாலும் அந்த நிமிஷம் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

நீளவாக்குல வெட்டு, ஒவ்வொரு வெட்டுக்கும் கத்திய ஈரத்துணியில தொடச்சிக்கோ. அடியில துளியூண்டு சீவி விட்டா தட்டுல ஆடாம உக்காரும். எனக்கு இது தெரியாத காலத்துல தட்ட தூக்குனதும் எல்லாம் வழுக்கி ஒரு மூலைக்கு போயி ஒண்ணு மேல ஒண்ணு அப்பிக்கிச்சு, அன்னிக்கு ரொம்ப கஷ்டமாயிடுச்சு.

ஃபில்லிங் இப்ப. ஆறு முட்டைக்கு மூணு டேபிள்ஸ்பூன் மயோனைஸ், ஒரு டீஸ்பூன் கடுகு சாஸ், ஒரு டீஸ்பூன் வினிகர் இல்லன்னா எலுமிச்சை சாறு, உப்பு, மிளகுத்தூள். அவ்ளோதான். மஞ்சள் கருவ மட்டும் மொதல்ல சல்லடையில தேச்சு மாவாக்கிக்கோ, மயோனைஸ் விழுந்தப்புறம் மசிச்சா கட்டி கட்டியா நின்னுரும், கவர்ல போட்டு வெள்ளைக்குள்ள பிழியும்போது கவரோட ஓட்டையில அடைச்சிக்கும். மயோனைஸே மஞ்சள் கருவும் எண்ணெயும் புளிப்பும் சேந்ததுதானே, அதான் ரெண்டும் அவ்ளோ சுலபமா கலந்துக்குது. இது ஜில்லுன்னு சாப்பிடுற ஐட்டம், குளிர்ந்தா ருசி மங்கும், அதனால கலக்கும்போதே உப்பும் புளிப்பும் ஒரு துளி தூக்கலா இருக்கட்டும்.

இன்னொண்ணு, ஆறு வேணும்னா எட்டு முட்டை அவி. பிஞ்சது ரெண்டோட மஞ்சள் கருவயும் ஃபில்லிங்லயே சேத்துக்கோ, மயோனைஸ் கொஞ்சம் கூட்டிக்கோ, ஒவ்வொண்ணும் கோபுரமா நிறைஞ்சு நிக்கும். ஒண்ணு ரெண்டு பிய்யத்தான் செய்யும்டா, எனக்கும் இன்னும் பிய்யுது.

ஆளுங்க வர்றதுக்கு முந்தின நாளே செய்யணும்னா வெள்ளைய மூடி தனியா, ஃபில்லிங்க தனியா ஃப்ரிட்ஜ்ல வை, வர்றதுக்கு கொஞ்சம் முன்னாடி பிழி. மிளகாய்த்தூள கடைசியா தூவு, முன்னாடியே தூவுனா ஈரத்துல ஊறி கலர் வழியும். வெளிய ரெண்டு மணி நேரத்துக்கு மேல வைக்காத, இதுல மட்டும் பாவம் பாக்காத, மிஞ்சினா தூக்கி போட்டுரு.

இதுக்கு டெவில்ட் எக்ஸ்னும் ஒரு பேரு இருக்கே, அது என்ன பேருன்னு கேட்டல்ல. காரமா மசாலா போட்டு செய்யுற சாப்பாட்டுக்கு இங்கிலீஷ்ல 18ஆம் நூற்றாண்டுலயே டெவில்னு பேரு வச்சிட்டாங்க, அதுல இருந்து வந்ததுதான். அதனால ஒரு சிட்டிகை காரம் இல்லாம செய்யாத, அது எனக்கு மனசு ஒப்பாது.

இன்னிக்கே ஒரு டஜன் முட்டை வாங்கி ஃப்ரிட்ஜ்ல வச்சிரு, அடுத்த வாரம் வரைக்கும் தொடாத. உரிச்ச மொத முட்டைய ஃபோட்டோ எடுத்து அனுப்பு, ஃபில்லிங் எல்லாம் வேணாம், வெறும் முட்டை போதும்.

அன்புடன்,
அக்கா